மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒரு பீடிக்கட்டு

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் புரூப் அறை மாடியில் இருக்கிறது. பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், டைரி எல்லாம் மிஷினுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக என் கண்ணுக்குத்தான் வரும். லட்சுமிக்குக் கை நாலு இருக்கிறதா, அமாவாசை பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டதா, பெட்டியில் தமிழில் போட்ட எச்சரிக்கையும் இந்தியில் போட்டதும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. சின்ன வயதில் வந்த போலியோவால் வலது கால் இரும்புக் காலிப்பரில் நிற்கிறது. கையில் ஊன்றுகோல். இவற்றோடுதான் இத்தனை வருஷமும் அந்த மாடிப்படியை ஏறி இறங்கினேன். யாரும் என்னைத் தூக்கிவிட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

காலால் வராத தொல்லை கடைசியில் மூச்சால் வந்தது. படி பாதி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சுவரில் ஒட்டிய பழைய காலண்டரை ஆராய்வது மாதிரி நின்றுகொள்வேன். ஒருநாள் அச்சக முதலாளியின் மகன் அதைப் பார்த்துவிட்டார். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை அவர்தான் நடத்துகிறார், தங்கமான பையன்.

"சார், தப்பா நினைக்காதீக. தீபாவளி சீசன் முடிஞ்சதும் உங்களுக்குக் கீழயே ஒரு டேபிள் போட்டுருவோம். பேக்கிங்ல உக்காந்து லேபிள் கட்டை மட்டும் எண்ணிப் பாத்தாப் போதும். சம்பளமெல்லாம் அதேதான்."

நல்ல மனசோடு சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. மாடியில் இருந்தால் பிழையைத் திருத்தலாம். கீழே இருந்தால் அச்சாகி வந்துவிட்ட பிழையைக் கட்டுக் கட்டாக எண்ணலாம். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, காலைப் பார்க்கவே இல்லை. "காலிப்பர் போட்டு நடக்கறவங்களுக்கு மத்தவங்களை விட மூச்சு அதிகமா செலவாகும் சார். நீங்க அதைப் பீடியில விட்டுக்கிட்டு இருக்கீங்க. ஒண்ணு பீடி, இல்லேன்னா படி" என்றார். படி என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

என் பீடிக்கு ஏற்கெனவே ஆயிரம் கட்டுப்பாடு. நான் அச்சகத்துக்குப் போய் வருவது எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வேனில். வழியில் என்னை இறக்கிவிட்டுப் போவார்கள். அந்த வேனில் ஏறும் யாரிடமும் பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் அந்தக் கம்பெனி போர்மேன். வேன் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் பையாகத் தட்டிப் பார்ப்பார். நான் மருந்துக் கலவை அறைக்கா போகிறேன், காகிதம் படிக்கப் போகிறவன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வேன் ஒரே வேன்தானண்ணே" என்று என் பையையும் தட்டுவார். தீப்பெட்டி செய்தே பிழைக்கும் ஊரில் ஒரு தீக்குச்சியை வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது. அச்சகத்திலோ எங்கு பார்த்தாலும் காகிதம். ஆக, காலையில் வேன் வருவதற்கு முன்னாலும் சாயங்காலம் வீடு திரும்பிய பின்னாலும்தான் என் பீடி. எதிர்க்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததுமே பீடிக்கட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

அதிலும் மண் விழுந்தது. போட்டவள் என் மனைவி.

எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் தொடக்கப் பள்ளியில் அவள் தலைமையாசிரியை. பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக் கூடாது, எல்லையில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மற்ற பள்ளிகளில் கேட்டுக்கு வெளியே ஒரு கோடு இழுத்துப் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார்கள். இவள் டேப் பிடித்து அளந்தாள். டேப் அண்ணாச்சி கடையைத் தாண்டியது, எங்கள் வீட்டைத் தாண்டியது, அம்மன் கோயிலையும் தாண்டிப் போய்க் கண்மாய்க்கரைப் பாதையில் நின்றது. அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று. மறுநாள் நான் போய் நின்றபோது அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார்.

"டீச்சரம்மா நேர்ல வந்து சொல்லிட்டாக. இனிமே கடலைமிட்டாய் வேணா வாங்கிக்கிடுங்க."

அடுத்த கடை மெயின் ரோட்டு நிறுத்தத்தில், ஒரு கிலோமீட்டருக்கு மேலே. பைக் வைத்திருப்பவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. சட்டம் எழுதினவர்கள் நூறு கஜம் என்றார்கள். அது எனக்கு ஒரு கிலோமீட்டர் ஆனது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பீடி விற்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பிள்ளைகள் கண்ணில் அது படக் கூடாதுதான். ஆனால் கோட்டுக்கு உள்ளே குடியிருக்கும் நொண்டிக் கிழவன் ஒருவனும் வயது வந்த வாடிக்கையாளன்தான் என்று யாருக்காவது தோன்றியதா?

போகிற வருகிறவர்களிடம் வாங்கிவரச் சொன்னேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் என் மனைவியிடம் படித்தவர்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் அவளிடம் படிக்கிறார்கள். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாக" என்பான் ஒருவன். "உடம்பைப் பாத்துக்கிடுங்க சித்தப்பா" என்பான் இன்னொருவன், அவன் வாயில் புகைந்துகொண்டிருப்பது பீடி. ஒருத்தன் காசை வாங்கிக்கொண்டு போய் எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். கால் விளங்காதவனின் நெஞ்சுக்கு ஊரே பொறுப்பாளி என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் விடத்தான் போகிறேன். ஆனால் நானாக விட வேண்டும். இவர்கள் பிடுங்கி எறிந்தால் அது நான் விட்டதாகுமா? இதை நினைத்தாலே எனக்கு இன்னொரு பீடி கேட்டது.

முதலில் நிகோடின் சூயிங்கம் முயன்றேன். பீடியை மறக்க மெல்லுகிற கம், மருந்துக் கடையில் கிடைக்கும். மனைவி என்னை ஆட்டோவில் சிவகாசிக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார், "சார் ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பாரு?"

"அவர்ட்டயே கேளுங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார். கால் சரியில்லாதவனுக்குக் காதும் கேட்காது என்பது மருந்துக் கடைக்காரர் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நானும் அதே குரலில் கத்திப் பதில் சொன்னேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் நான் எத்தனை பீடி குடிக்கிறேன் என்று தெரிந்துகொண்டார்கள். கம்மோ மிளகைச் சுண்ணாம்போடு சேர்த்து மென்றது மாதிரி இருந்தது. விக்கல் வேறு. வேனில் நான் விக்கியபடி வருவதைப் பார்த்துப் போர்மேன் என் வாயை மோந்து பார்த்தார். ஒரு வாரத்தில் அதைப் பரணில் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் துபாயிலிருந்து லீவில் வந்தான். மனைவியின் தம்பி. அக்காவுக்குச் சேலையும் சோப்பும் கொடுத்தான். அவள் உள்ளே போனதும், சுருட்டி வைத்திருந்த ஒரு காலுறையை என் கையில் திணித்தான். உள்ளே வெள்ளி நிறத்தில் பேனா மாதிரி ஒரு குழாய்.

"அத்தான், இதுல தீயே கிடையாது. பேட்டரிதான். இழுத்தா நுனியில லைட் எரியும், புகை வரும். மாம்பழ வாசனை. அங்கன எல்லாரும் இதைப் பிடிச்சுத்தான் சிகரெட்டை விட்டுருக்காக."

"கடையில கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றான். எந்த ஊர்க் கடையில் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தீயே கிடையாது என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய நற்சான்று எதற்கும் கிடையாது. அன்று சாயங்காலம் மனைவி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருட்டக் கொஞ்ச நேரம் இருந்தது. இழுத்தேன். நுனியில் நீல வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது, உள்ளே சர்ரென்று ஒரு சத்தம், மூக்கு வழியாக வெண்புகை மேகமாக வந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே போர்மேனின் தலை தெரிந்தது. நான் கவனிக்கவில்லை.

அவர் கண்ணில் பட்டது இதுதான்: அண்ணன் வாயில் ஒரு குழாய், திரிப்பக்கம் எரிகிறது, சத்தம் வந்துவிட்டது, புகை வந்துவிட்டது. இனி மிச்சம் ஒன்றுதான்.

முப்பது வருஷத் தொழில் பழக்கம், மனுஷன் பதறவில்லை. சுவரேறிக் குதித்தவர் மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார். "அண்ணே, அசையாதீக. கடிச்சிராதீக. அப்படியே என்னையப் பாருங்க."

நான் வாயைத் திறந்து பதில் சொல்லப் போவதற்குள் இரண்டு விரலால் குழாயை உருவி, மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டு, மேலே ஈரச் சாக்கை இழுத்து மூடி, என்னை நாற்காலியோடு தரதரவென்று பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துவிட்டார். அவர் மகளும் மனைவியும் ஆளுக்கொரு வாளி மணலோடு வந்து நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. எல்லாரும் சாக்கையே பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தோம். நானும் சேர்ந்து காத்திருந்தேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. போர்மேன் ஒரு குச்சியால் அதை வெளியே எடுத்துத் துடைத்துத் திருப்பினார். அடியில் பொடி எழுத்தில் சீனாவில் செய்தது என்று போட்டிருந்தது. அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கொலைகாரன் என்று சொன்னால்கூடச் சமாதானமாகிவிடலாம். திருட்டுத்தனமாக வரும் சீனப் பட்டாசை வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு சீனா மாலு" என்றார். "அதுவும் நீங்க. எங்க கம்பெனி லேபிளுக்கு எழுத்துப் பாக்கிற ஆளு."

"இது பட்டாசு இல்லப்பா. சிகரெட்டு."

"சிகரெட்டுல எதுக்கண்ணே நீலக் கலரு? நீலம் கொண்டுவர எங்க கலவை ரூம்ல என்ன பாடு படுறோம்னு உங்களுக்குத் தெரியுமா?" மோந்து பார்த்தார். அவருக்குக் கோபத்துக்கு நடுவிலும் ஒரு தொழில் ஆர்வம் வந்துவிட்டது. "மாம்பழ வாசனை வருது. கந்தக நெடி ஒரு துளி இல்ல. என்ன மருந்து போடுறான்?"

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிள்ளைகளின் பையில் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி இதே சாமானின் படம் போட்டு அவளுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எப்போது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

"இதை நம்ம நாட்டுல விக்கவே கூடாது. கொண்டு வரவும் கூடாது. கடையில, ஆன்லைன்ல, எதுலயும் கிடையாது. மொத்தத் தடை" என்றாள்.

"அப்ப தடைதான?" என்றார் போர்மேன்.

"தடைதான்."

"அப்ப நான் செஞ்சது சரிதான்" என்று மணல் வாளிகளை எடுத்துக்கொண்டு மனநிறைவோடு சுவரேறிப் போய்விட்டார். தொட்டித் தண்ணீரை நானும் மச்சினனும் சேர்ந்து இறைத்துக் கொட்டினோம்.

அன்று எனக்கு வந்த கோபத்தை மனைவி மேல்தான் காட்ட முடிந்தது. "நெஞ்சைக் கெடுக்கிற பீடியை ரோட்டுக் கடையில தொங்க விட்டுருக்கான். இதைத் தொட்டாக் குத்தம். எனக்குன்னா மட்டும் எல்லாப் பக்கமும் கோடு" என்றேன். அந்தக் குழாய் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டபோது, "ரெண்டும் வேண்டாம், உங்களுக்கு இது ஒரு வாய்தா" என்றுதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அது பீடியை விடுவதற்கு எனக்கிருந்த கடைசி வழி போலத் தெரிந்தது.

அவள் அடுப்படியில் நின்றபடி சொன்னாள். "கோடு போட்டது பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் கோடு போட நான் யாரு? குடிக்கணும்னா ரோட்டுக்குப் போய் வாங்கிக் குடிங்க. நான் யார்ட்டயும் வாங்கிக் குடுக்காதீகன்னு சொன்னதே கிடையாது. அவுகளாப் பயப்படுறாக."

"நீ சொல்லலையா?"

"சொல்லல. கீழ டேபிள் போட்டுருவோம்னு அந்தத் தம்பி சொன்ன அன்னைக்கு நீங்க சாப்பிடாமப் படுத்தீக. எனக்கு நீங்க அந்த மாடியில ஏறணும். அம்புட்டுத்தான்."

எனக்கு அவள் மேல் பிரியமும் கோபமும் ஒன்றாக வந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, நானே போய் வாங்குகிறேன் என்று கிளம்பினேன். அவள் தடுக்கவில்லை, குடையை மட்டும் கொடுத்தாள். குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று நான் கேட்டதும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மஞ்சள் கோட்டைத் தாண்டும்வரை சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் பைக்குகள் வந்தன. "ஏறுங்க சித்தப்பா", "எங்கன போறீக, விட்டுருதேன்" என்று ஒவ்வொருவனாக நின்றான். பீடி வாங்கித் தரச் சொன்னால் ஒளிகிறவர்கள் எல்லாரும் என்னைச் சுமந்து போக வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் விரட்டினேன். அதில் ஒருவன் மனசு கேட்காமல் என் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். நான் கல்லை எடுத்த பிறகுதான் போனான். பாலத்தில் உட்கார்ந்து, டிரான்ஸ்பார்மர் நிழலில் நின்று, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

கடை நடத்துகிற அம்மாள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யார் கூட வந்தீக?"

"நான்தான் வந்தேன்."

"இல்ல, கூட யாரு?"

"நான் மட்டுந்தான் வந்தேன். ஒரு கட்டு பீடி குடுங்க."

கொடுத்தார். கையில் வாங்கியபோது மகாராஜா மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். பற்றவைக்க மூச்சில்லை. நெஞ்சு பம்புசெட் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை ஒரு டீ குடித்தேன். பிறகு பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், இருமல் பிடுங்கியது. அப்போதுதான் திரும்பி நடக்க வேண்டிய தூரம் ஞாபகம் வந்தது. அதற்கும் மூச்சு வேண்டும். பாதிப் பீடியை மிதித்து அணைத்தேன்.

அதிலிருந்து வேன் வீட்டில் இறக்கிவிட்டதும் அந்த நடைதான். பீடி வாங்கத்தான் போனேன், உடம்புக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீம்புக்காகவே சில நாள் போனேன். கட்டு சீக்கிரம் தீர்ந்துவிட்டால் மறுபடி நடக்க வேண்டும் என்பதால் பார்த்துப் பார்த்துக் குடிக்க ஆரம்பித்தேன். டிரான்ஸ்பார்மர் நிழலில் நிற்பது நின்றது. பாலத்தில் உட்காருவதும் குறைந்தது. கடைக்கார அம்மாள் என் பின்னால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். மழை வந்து பட்டாசு காயப்போட்ட களமெல்லாம் நனைந்த ஒரு சாயங்காலம், அவரோடு அந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசி டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பீடி வாங்காமல் வந்தது தெரிந்தது. முதலில் என் மேலேயே எரிச்சல் வந்தது, இவ்வளவு தூரம் போயும் மறந்துவிட்டோமே என்று. மறுநாளும் போனேன். வாங்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று திரும்பினேன்.

என் மனைவி இதை மஞ்சள் கோட்டின் வெற்றி என்கிறாள். ஆசிரியர் கூட்டத்தில் பேர் சொல்லாமல் பேசியிருக்கிறாள் என்றும் கேள்வி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டைத் தினமும் தாண்டினவன் நான். வாங்குவதற்குக் கடையும் கையில் காசும் எதிரே இருந்தபோது வேண்டாம் என்றேன், அதனால்தான் அது என் கணக்கில் சேரும். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது பக்கத்தில் பற்றவைத்தால் என் மூக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வருகிறது.

தீபாவளி முடிந்தது. சில நாள் விடுமுறைக்குப் பிறகு காலண்டர் ஆர்டர்கள் குவிந்து அச்சகம் திறந்தது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியில் காலிப்பரை வைத்தேன். நடுவில் ஒரு தடவை நின்றேன், பொய் சொல்லவில்லை. ஆனால் காலண்டரைப் பார்க்கிற மாதிரி நடிக்காமல் நின்றேன். அப்புறம் ஏறி முடித்தேன். நெஞ்சு அடித்தது, அடைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புரூப் அறையைத் திறந்தால் என் மேசை காலி. புரூப் பார்க்கும் கம்ப்யூட்டரைக் காணோம். என் நாற்காலி மட்டும் இருந்தது.

உள்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே பேக்கிங் பகுதியில் எனக்கென்று புது மேசை போட்டு, கட்டுக் கணக்குக்கு என் கம்ப்யூட்டரையே வைத்து, பக்கத்தில் மின்விசிறி, உட்காரும் இடத்தில் மெத்தை எல்லாம் தயாராக இருந்தது. விடுமுறையில் சின்ன முதலாளி முன்நின்று செய்திருக்கிறார். என்னைப் படியருகே எதிர்கொள்ள வந்தவர், நான் மேலே நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"சார், நீங்க எப்ப மேல போனீக? உங்களுக்குக் கீழ..."

"நான் மேலதான் இருப்பேன் தம்பி. கம்ப்யூட்டரை அனுப்பிருங்க."

ஆளைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். பைண்டிங் ஆட்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பேட்டரிப் பெட்டியையும் சிபியூவையும் அவரே தூக்கிக்கொண்டு படியேறினார். பாதியில் ஒருமுறை இறக்கி வைத்தார், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். மறுபடி தூக்கினார். மேலே வந்து மேசையில் வைத்தபோது அவருக்குச் சட்டை நனைந்து, பேச முடியாமல் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது.

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. நான் எழுந்து அவரை அதில் உட்காரச் சொன்னேன்.